கடைசி இலக்கம் வரை உரசிப் பார்த்த கணிதர்: சங்கமகிராம மாதவர்

கலூர் (கொச்சி): கைப்பேசியின் வரைபடச் செயலி இரண்டு இடங்களுக்கு இடையிலான தொலைவைக் காட்டும்போது அதன் உள்ளே முக்கோணவியல் கணக்கு நடைபெறுகிறது. சைன், கொசைன் ஆகியவற்றின் மதிப்புகளை மென்பொருள் நொடிப்பொழுதில் கணித்துவிடுகிறது. அந்த மதிப்புகள் எத்தனை இலக்கம் வரை சரியானவை, எந்த இலக்கத்தில் பிழை தொடங்குகிறது என்று சோதிப்பது இன்றைய கணினி அறிவியலில் தனித்துறையாகவே வளர்ந்துள்ளது.

கொச்சி நகரின் கலூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை வழியாக வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சென்றால் இரிஞ்சாலக்குடா வரும். கணினியோ, தசமப் புள்ளி எழுத்துமுறையோ இல்லாத காலத்தில், 600 ஆண்டுகளுக்கு முன், இதே வினாவை எழுப்பி விடையும் கண்ட ஒருவர் இப்பகுதியில் வாழ்ந்தார். அவர் சங்கமகிராம மாதவர்.

முடிவிலாத் தொடர்களைக் கண்டறிந்தவர் என்றே மாதவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் முடிவில்லாத ஒன்றை எவராலும் முழுமையாகக் கூட்ட முடியாது. எங்கேனும் நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்திய இடத்தில் எவ்வளவு பிழை மிஞ்சும் என்பதையும் அளந்து சொன்னதே அவருடைய தனிச்சிறப்பு.

ஊரும் காலமும்

மாதவரின் வாழ்வு குறித்துக் கிடைக்கும் செய்திகள் மிகச் சில. அவர் காலம் ஏறக்குறைய 1340 முதல் 1425 வரை என ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். துளு நாட்டிலிருந்து கேரளத்தில் குடியேறிய எம்பிராந்திரி அந்தணர் மரபைச் சேர்ந்தவர் என்பது பொதுவான கருத்து. சங்கமகிராமம் என்பதை இரிஞ்சாலக்குடாவாகவே பலரும் கொள்கின்றனர். வேறு ஊரைக் கூறும் ஆய்வாளர்களும் உண்டு. தம் வீட்டின் பெயரை மகிழமரத்தைச் சுட்டும் வடமொழிச் சொல்லால் அவர் தம் நூலில் குறித்துள்ளார்.

பிற்கால வானியலாளர்கள் அவரைக் 'கோளவித்' என்ற பட்டத்தால் குறிப்பிட்டனர். வானக் கோளத்தின் இயல்பை அறிந்தவர் என்பது இதன் பொருள். அவர் எழுதியவற்றுள் 'வேண்வாரோகம்', 'ஸ்புடசந்திராப்தி', 'அகணிதகிரகசாரம்' முதலிய சில வானியல் நூல்களே இன்று கிடைக்கின்றன. அவருக்குப் புகழ் தேடித் தந்த தொடர்களை விளக்கும் நூல் எதுவும் அவர் கையால் எழுதியதாகக் கிடைக்கவில்லை. மாணவர்களும் அவர்தம் மாணவர்களும் தங்கள் நூல்களில் அவர் பெயரைச் சொல்லிப் பதிவு செய்த செய்யுள்களே சான்றாக நிற்கின்றன.

நிலவும் வாக்கியமும்

மாதவரின் கணக்குக்கு முதல் தூண்டுதல் நிலவு. திதியும் நட்சத்திரமும் நிலவின் இருப்பிடத்தைப் பொறுத்தவை. நிலவு நாளொன்றுக்குச் சராசரியாக 13 பாகை நகர்கிறது. ஆனால் அதன் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், விலகும்போது மெதுவாகவும் செல்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 27.55 நாள் ஆகும். அத்தகைய 9 சுற்றுகள் ஏறத்தாழ 248 நாளில் நிறைவுறும்.

ஆகவே 248 நாளுக்கும் நிலவின் நகர்வைக் கணித்து வைத்துவிட்டால், அதே பட்டியலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இந்த 248 எண்களையும் மனப்பாடம் செய்ய ஏதுவாகச் சிறு சிறு வாக்கியங்களாக அமைத்தனர். அவையே சந்திர வாக்கியங்கள். வரருசியின் பெயரால் வழங்கும் பழைய வாக்கியங்கள் நிலவின் இருப்பிடத்தைக் கலை அளவுக்குத் தந்தன. ஒரு கலை என்பது பாகையில் 60-ல் ஒரு பங்கு. மாதவர் 248 வாக்கியங்களையும் புதிதாகக் கணித்து, விகலை அளவுக்கு நுணுக்கினார். விகலை என்பது கலையில் 60-ல் ஒரு பங்கு. அதாவது பட்டியலின் நுட்பம் 60 மடங்கு உயர்ந்தது.

தமிழகத்து வாக்கியப் பஞ்சாங்கமும் இத்தகைய வாக்கியங்களின் வழிவந்ததே. அம்மரபின் மூலநூலான 'வாக்கியகரணம்' 1300-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழகத்தில் இயற்றப்பட்டது. அதற்கு உரை எழுதிய தமிழகத்துச் சுந்தரராஜர், மாதவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜியிடம் ஐயங்கள் கேட்டுத் தெளிவு பெற்றார். மலைகளுக்கு இருபுறமும் கணிதர்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்பில் இருந்தனர் என்பதற்கு இது சான்று.

எண்களைச் சொற்களாக்க அவர்கள் கையாண்ட கடபயாதி முறை கர்நாடக இசை அறிந்தோருக்குப் பழக்கமானது. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. சொல்லை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மாயாமாளவகௌளை என்ற மேளகர்த்தா ராகத்தின் முதல் இரண்டு எழுத்துகளில் 'மா' 5, 'யா' 1. திருப்பிப் படித்தால் 15. அந்த ராகத்தின் வரிசை எண்ணும் அதுவே. மாதவரின் எண்களும் இவ்வாறே செய்யுளில் பொதிந்து வைக்கப்பட்டன.

இருபத்து நான்கு மதிப்புகள்

கோளின் இருப்பிடத்தை நுட்பமாகக் கணிக்க வேண்டுமானால் சைன் மதிப்புகளும் நுட்பமாக இருக்க வேண்டும். பழைய கணிதர்கள் இதனை 'ஜ்யா' என்றனர். 90 பாகையை 24 சம பங்குகளாக்கி, 3 பாகை 45 கலை இடைவெளியில் 24 மதிப்புகளைப் பட்டியலிடுவது ஆரியபட்டர் காலம் தொட்டு வந்த வழக்கம். வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை. அதற்கேற்ற ஆரம் 3438 கலை என்றும், முதல் மதிப்பு 225 கலை என்றும் ஆரியபட்டர் முழு எண்களாகத் தந்தார். பின்வந்த சிலர் இவற்றை மேலும் நுணுக்கினர்.

மாதவர் கலை, விகலையோடு நிற்கவில்லை. விகலையின் 60-ல் ஒரு பங்கான தற்பரை வரை சென்றார். அவருடைய பட்டியலில் ஆரம் 3437 கலை, 44 விகலை, 48 தற்பரை. முதல் மதிப்பு 224 கலை, 50 விகலை, 22 தற்பரை. இன்றைய கணிப்பானில் 3 பாகை 45 கலைக்குரிய சைன் மதிப்பைக் கண்டு உரிய ஆரத்தால் பெருக்கினாலும், தற்பரைக்கு முழுமையாக்கும்போது இதே எண் கிடைக்கும்.

ஒரு தற்பரை என்பது அந்த ஆரத்தில் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேலான பங்குகளில் ஒன்று. இன்றைய முறையில் சொன்னால், ஏறத்தாழ ஏழு தசம இடங்கள் வரை செல்லும் நுட்பம் இது.

இத்தகைய பட்டியலைச் சோதிக்க எளிய உரைகற்கள் உண்டு. 30 பாகையின் சைன் மதிப்பு ஆரத்தில் சரிபாதியாக இருக்க வேண்டும். மாதவரின் எட்டாவது மதிப்பு 1718 கலை, 52 விகலை, 24 தற்பரை. அவருடைய ஆரத்தின் சரிபாதி அது. இரண்டு கோணங்களின் கூட்டலுக்குரிய சைன் மதிப்பைத் தனித்தனி மதிப்புகளிலிருந்து பெறும் விதியையும் அவர் தந்ததாக வழிவந்தோர் குறித்துள்ளனர். அதனைக் கொண்டு பட்டியலின் ஒரு மதிப்பை மற்ற மதிப்புகளால் சரிபார்க்க இயலும்.

ஐந்து எண்களில் அடங்கிய சோதனை

பட்டியலில் இல்லாத கோணத்துக்கு என்ன செய்வது? அதற்கு மாதவர் ஐந்து எண்களைச் செய்யுளாக்கித் தந்தார். அவற்றை நீலகண்டர் மாதவரின் பெயரிலேயே பதிவு செய்துள்ளார். முதல் எண் 44 தற்பரை. இரண்டாவது 33 விகலை, 6 தற்பரை. மூன்றாவது 16 கலை, 5 விகலை, 41 தற்பரை. நான்காவது 273 கலை, 57 விகலை, 47 தற்பரை. ஐந்தாவது 2220 கலை, 39 விகலை, 40 தற்பரை.

செய்முறை எளிது. வேண்டிய வில்லின் நீளத்தைக் கலையாக எடுத்து, 90 பாகைக்குரிய 5400 கலையால் வகுத்து, அந்த விகிதத்தை வர்க்கமாக்க வேண்டும். முதல் எண்ணை இந்த வர்க்கத்தால் பெருக்கி இரண்டாவது எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். வந்த விடையை மீண்டும் அதே வர்க்கத்தால் பெருக்கி மூன்றாவதிலிருந்து கழிக்க வேண்டும். ஐந்தாவது எண் வரை இவ்வாறே தொடர வேண்டும். இறுதி விடையை விகிதத்தின் கனத்தால் பெருக்கி, எடுத்துக்கொண்ட வில்லின் நீளத்திலிருந்து கழித்தால் சைன் மதிப்பு கிடைத்துவிடும்.

90 பாகைக்கு இதனைச் செய்து பார்க்கக் கணிப்பான்கூடத் தேவையில்லை. விகிதம் 1 என்பதால் பெருக்கலே இல்லை, கழித்தல் மட்டுமே. 33 விகலை 6 தற்பரையிலிருந்து 44 தற்பரை போக 32 விகலை 22 தற்பரை. அதனை மூன்றாவது எண்ணிலிருந்து கழித்தால் 15 கலை 33 விகலை 19 தற்பரை. அதனை நான்காவதிலிருந்து கழித்தால் 258 கலை 24 விகலை 28 தற்பரை. அதனை ஐந்தாவதிலிருந்து கழித்தால் 1962 கலை 15 விகலை 12 தற்பரை. இதனை 5400 கலையிலிருந்து கழித்தால் 3437 கலை 44 விகலை 48 தற்பரை மிஞ்சும்.

90 பாகையின் சைன் மதிப்பு ஆரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மிஞ்சியது மாதவரின் ஆரமே. கடைசித் தற்பரை வரை ஒரு வேறுபாடும் இல்லை.

ஐந்து எண்களோடு ஏன் நிறுத்தினார் என்ற வினாவுக்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஆறாவதாக ஓர் எண் சேர்த்தால் அதன் அளவு ஒரு தற்பரையைக்கூட எட்டாது. ஏறக்குறைய 0.7 தற்பரை மட்டுமே வரும். பட்டியலின் கடைசி இலக்கத்தில் ஓர் அலகுக்கும் குறைவானது அது. தேவைப்படும் நுட்பத்துக்கு எத்தனை உறுப்புகள் போதுமோ அத்தனையே அவருடைய செய்யுளில் இடம் பெற்றுள்ளன.

மெதுவான தொடரும் அதன் மருந்தும்

வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான பை மதிப்புக்கும் மாதவர் தொடர் கண்டார். 1-லிருந்து 1/3-ஐக் கழித்து, 1/5-ஐக் கூட்டி, 1/7-ஐக் கழித்து, இவ்வாறே தொடர்ந்தால் பை மதிப்பின் கால் பங்கை நெருங்கலாம். ஐரோப்பாவில் 1670-களில் கிரிகோரி, லைப்னிட்ஸ் ஆகியோர் பெயரோடு அறியப்பட்ட தொடர் இது.

இத்தொடர் அழகானது. ஆனால் மிக மெதுவாகவே இலக்கை நெருங்கும். 10 உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.0418 தான் வரும். முதல் தசம இடமே தவறு. மூன்று, நான்கு இலக்கங்களைப் பெறவே ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கூட்ட வேண்டியிருக்கும்.

மாதவர் மரபினர் இதற்கு மாற்று கண்டனர். கூட்டலை நிறுத்திய இடத்தில், கூட்டாமல் விட்ட பகுதி ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்று கணித்து அதனையும் சேர்த்துக்கொண்டனர். உறுப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டே இந்தத் திருத்தத்தைக் கணித்துவிடலாம். ஒன்றைவிட ஒன்று நுட்பமான மூன்று திருத்தங்கள் இம்மரபு நூல்களில் உள்ளன. அவற்றுள் மிக நுட்பமானதை மேற்கண்ட 10 உறுப்புகளோடு சேர்த்தால் 3.1415927 கிடைக்கும். ஏழு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் சரியான மதிப்பு அதுவே. 50 உறுப்புகளோடு சேர்த்தால் பிழை லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே சென்றுவிடும்.

விட்டம் 90,000 கோடி அலகு எனில் சுற்றளவு 2,82,743 கோடியே 33 லட்சத்து 88 ஆயிரத்து 233 அலகு என்று மாதவர் கூறியதாக ஒரு செய்யுள் குறிக்கிறது. உண்மை மதிப்போடு ஒப்பிட்டால் வேறுபாடு ஏறக்குறைய இரண்டு அலகு மட்டுமே. வகுத்து 11 தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் 3.14159265359 என்ற சரியான மதிப்பு வருகிறது. அதே காலகட்டத்தில், 1424-இல், சமர்கந்தில் அல்-காஷி பலகோணங்களின் வழியே 16 தசம இடங்கள் வரை சென்றார். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்ததற்குச் சான்றில்லை. எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்பதில் இருவருமே கவனம் செலுத்தினர்.

வானமே இறுதி உரைகல்

கணக்கு தனக்குத்தானே ஒத்திருந்தால் போதாது, வானத்தோடும் ஒத்திருக்க வேண்டும் என்பதில் மாதவரின் வழிவந்தோர் உறுதியாக இருந்தனர். அவருடைய மாணவரான வடசேரி பரமேஸ்வரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களை நேரில் கண்டு பதிவு செய்தார். கணித்த நேரத்துக்கும் கண்ட நேரத்துக்கும் இருந்த வேறுபாட்டைக் கொண்டு அளவுகளைத் திருத்தி, 1431-இல் 'திருக்கணிதம்' என்ற முறையை வகுத்தார். தமிழகப் பஞ்சாங்கங்களில் இன்று வழங்கும் திருக்கணிதம் என்ற சொல், கண்ணால் காண்பதோடு ஒத்த கணக்கு என்ற பொருளையே தருகிறது.

பரமேஸ்வரரின் மகன் தாமோதரர். அவருடைய மாணவர் நீலகண்ட சோமயாஜி 1500-ஆம் ஆண்டையொட்டி 'தந்திரசங்கிரகம்' இயற்றினார். அளவுகள் காலப்போக்கில் வழுவும், அவற்றை அவ்வப்போது சோதித்துத் திருத்துவது கணிதரின் கடமை என்று அவர் வாதிட்டார். 1530-ஆம் ஆண்டையொட்டி ஜேஷ்டதேவர் மாதவரின் தொடர்களுக்கான நிறுவல்களை 'யுக்திபாஷை' என்ற நூலில் மலையாளத்திலேயே எழுதி வைத்தார்.

சோதனையின்றி நீண்ட காலம் விடப்பட்ட கணக்குக்கு என்ன நேரும் என்பதற்குப் புதுச்சேரியில் ஒரு சான்று உண்டு. 1825-இல் ஜான் வாரன் என்பவர் அங்குள்ள தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரிடம் வாக்கியக் கணக்கைக் கேட்டறிந்தார். அக்கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். நடு நேரத்தில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. எழுதப்பட்ட பட்டியல் இன்றி நினைவிலிருந்து போட்ட கணக்கு என்ற வகையில் அது வியப்புக்குரியது. வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் பிழை வளரும் என்பதையும் அது காட்டுகிறது.

இன்றைய மென்பொருளில்

சைன் மதிப்பைக் கணிக்கும் இன்றைய மென்பொருள்களின் செயல்முறை மாதவரின் செய்யுளோடு பெரிதும் ஒத்தது. கோணத்தைச் சிறிய எல்லைக்குள் கொண்டுவந்து, முன்கூட்டியே கணித்து வைத்த சில எண்களை எடுத்து, வர்க்கத்தால் பெருக்கி அடுத்த எண்ணோடு சேர்த்துக்கொண்டே செல்கின்றன. ஹார்னர் முறை என்று இன்று இதற்குப் பெயர். பரவலாகப் பயன்படும் ஒரு நிரல் நூலகத்தில் இதற்கென ஆறு எண்கள் உள்ளன. மாதவரிடம் ஐந்து இருந்தன.

சோதனை முறைகளும் அவ்வாறே. விடை தெரிந்த கோணங்களில் ஒப்பிடுவது, ஒரே மதிப்பை இருவேறு வழிகளில் கணிப்பது, கூடுதல் இலக்கங்களில் கணித்து ஒப்பிடுவது ஆகியவை இன்றும் அடிப்படை வழிகள். பிழையை அளக்கும் அலகாகவும் கடைசி இலக்கத்தின் ஓர் அலகையே கொள்கின்றனர். பை கணக்கீடும் இயந்திரங்களுக்கு உரைகல்லாகப் பயன்பட்டுள்ளது. 1986-இல் அமெரிக்காவின் நாசா ஆய்வு மையத்தில் டேவிட் பெய்லி, கிரே-2 மீத்திறன் கணினியில் பை மதிப்பை ஏறக்குறைய 2.9 கோடி இலக்கங்கள் கணித்தபோது, அந்த இயந்திரத்தில் மறைந்திருந்த கோளாறுகள் வெளிப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு வில்லியம் கோஸ்பர் 1.7 கோடி இலக்கங்களைக் கணிக்கக் கையாண்டது, கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட தொடரை.

மறதியும் மீட்பும்

மாதவரின் பெயர் கேரளத்துக்கு வெளியே நெடுங்காலம் அறியப்படவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் அலுவலர் சார்லஸ் விஷ் இந்நூல்களைத் திரட்டிப் படித்து எழுதிய கட்டுரை 1834-இல் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளியானது. அதற்குள் அவர் மறைந்திருந்தார். கட்டுரையை ஏறக்குறைய நூறாண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை.

1940-களில் சி.டி. ராஜகோபால் இத்தொடர்களை நவீனக் கணித மொழியில் விளக்கத் தொடங்கினார். 1948-இல் கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த ராமவர்ம மரு தம்புரான், ஏ.ஆர். அகிலேஸ்வர ஐயருடன் இணைந்து 'யுக்திபாஷை'யின் கணிதப் பகுதியை விளக்கக் குறிப்புகளுடன் திருச்சூரில் பதிப்பித்தார். கே.வி. சர்மா ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பல நூல்களை அச்சேற்றினார். தம் இறுதிக் காலத்தைச் சென்னையில் கழித்த அவர் 2005-இல் மறைந்தார். அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'யுக்திபாஷை', கே. ராமசுப்ரமணியன், எம்.டி. ஸ்ரீநிவாஸ், எம்.எஸ். ஸ்ரீராம் ஆகியோரின் விளக்கங்களுடன் 2008-இல் வெளிவந்தது. கிரிகோரி, லைப்னிட்ஸ் பெயர்களோடு மாதவரின் பெயரையும் சேர்த்து அத்தொடரை வழங்கும் வழக்கம் இப்போது பரவியுள்ளது.

தொடருக்கு உரிய பெயர் கிடைத்துவிட்டது. அதைவிட நுட்பமான அவருடைய மற்றொரு கொடை இன்னும் பொதுமக்களிடம் சென்று சேரவில்லை. விடையைச் சொல்வதோடு கணிதரின் வேலை முடிவதில்லை, அந்த விடையை எந்த இலக்கம் வரை நம்பலாம் என்பதையும் அவர் சொல்ல வேண்டும் என்பதே அது. ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பார்க்கும் எந்தப் பள்ளி மாணவரும், 3437 கலை 44 விகலை 48 தற்பரை என்ற விடையில் அதனை நேரில் காணலாம்.